தீவட்டி பிடித்த கை

'தீவட்டித் தடியன்' என்று ஒரு வசவு தமிழில் இருக்கிறது. வேலைவெட்டி இல்லாமல் உடம்பை வளர்த்துக்கொண்டு திரிகிறவன் என்று அர்த்தம். ஏழாவது படிக்கும்போது வீட்டுப்பாடம் எழுதாததற்காக வாத்தியார் என்னை அப்படித் திட்டினார். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அய்யா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு சொன்னதுல பாதி நெசந்தான்டா. ஒங்க தாத்தா தீவட்டி பிடிச்சவருதான். ஆனா தடியா இல்ல" என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை. சாமிக்கு முன்னால் ராத்திரி முழுக்கப் பந்தத்தைத் தூக்கிப் பிடித்துவிட்டு, மரத்துப்போன அதே கையோடு விடிந்ததும் கம்மங்காட்டுக்குக் களை வெட்டப் போனவர் எப்படி 'வேலை இல்லாதவன்' ஆனார்? இன்னொரு வசவும் இருக்கிறது: 'வெளக்கெண்ண'. மந்தமானவன், எதற்கும் உதவாதவன் என்று பொருள். ஊரில் விளக்கு எரிந்ததே அந்த எண்ணெயில்தான். விளக்கு தெய்வமாயிற்று. எண்ணெயும் அதைப் பிடித்த கையும் வசவாயிற்று. இது எப்படி நடந்தது?

இருட்டில் தெரியும் வெளிச்சத்தைப் பற்றித் தமிழில் நிறைய எழுதிவிட்டார்கள். கார்த்திகை தீபம், சொக்கப்பனை, சாமி ஊர்வலம், வாணவேடிக்கை, மின்மினி, மின்னல். அநேகமாக எல்லாமே பார்க்கிறவர் நின்ற இடத்திலிருந்து எழுதியவை. பிடித்தவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதுதான் என் கேள்வி. இதை ஆதிக்க சாதி இலக்கியத்திடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தப்போவதில்லை. நம்மிடமும் கேட்கப்போகிறேன்.

*

எம்.ஏ. தமிழ் படித்தபோது பத்துப்பாட்டு பாடம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் அரண்மனைக்குள் ஒரு விளக்கு வரும். யவனர் செய்த பாவை ஒன்று கையில் அகலை ஏந்தி நிற்கிறது. அகல் நிறைய நெய், பருத்த திரி. வகுப்பில் அதை வைத்து யவன வாணிகம் பற்றி ஒரு மணிநேரம் பேசினார்கள். சிற்பத் திறன் பற்றிப் பேசினார்கள். விளக்கை ஏந்த ஏன் ஒரு பெண்ணுருவம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உலோகப் பாவைக்குக் கை வலிக்காது, தூக்கம் வராது, கூலி கேட்காது. பிடிக்கிற ஆள் எப்படி இருக்கவேண்டும் என்று அரண்மனை ஆசைப்பட்டதோ அந்த ஆசையின் வடிவம்தான் பாவை விளக்கு. கோயில்களில் இன்றும் அது நிற்கிறது. நாம் 'கலைநயம்' என்கிறோம்.

முல்லைப்பாட்டில் உயிருள்ள கைகள் வருகின்றன. அரசனின் பாசறையில், கச்சில் வாளைக் கட்டிய பெண்கள் நெய்க்குழலோடு நின்று, விளக்கு அணைய அணையத் திரும்ப ஏற்றுகிறார்கள். நப்பூதனார் அவர்களைப் பார்த்திருக்கிறார், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களது வளையலையும் கூந்தலையும் கச்சையும் சொல்லிவிட்டுப் பாட்டு அரசனிடம் போய்விடுகிறது. அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. அடிபட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். தூங்காத அரசனைப் பற்றிப் பக்கம் பக்கமாக உரை இருக்கிறது. அதே ராத்திரியில் தூங்காமல் நெய் ஊற்றிய பெண்களுக்கு ஒரு வரி விளக்கத்தோடு சரி.

அகநானூற்றின் 141-ஆம் பாட்டு, அதுவும் நக்கீரர் பெயரில் உள்ளது, கார்த்திகை விளக்கைப் பேசுகிறது. மழை நின்ற வானம், உழவு ஓய்ந்த ராத்திரி, தெருவெல்லாம் விளக்கு. அழகான பாட்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கலப்பைக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, கலப்பை பிடித்தவர் அந்த ராத்திரி எந்தத் தெருவில் இருந்தார் என்பதுதான் தெரியவில்லை. இந்த மூன்று பாட்டையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே விழாமல் நின்றுவிடுகிறது என்று கோடு போட்டுப் படிக்கச் சொல்கிறேன்.

*

தாத்தா காலத்துத் தீவட்டி போய், அய்யா காலத்தில் பெட்ரோமாக்ஸ் வந்தது. அடியில் உள்ள டாங்கியில் மண்ணெண்ணெய். பம்பு அடித்தால் அழுத்தத்தில் மேலே ஏறி, சூட்டில் ஆவியாகி, மேன்டிலில் எரியும். தலையில் ஒன்றை ஏற்றினால் தெருவே பகல். இனி அய்யா சொன்னது, அவர் சொன்னபடியே:

"காரியாபட்டி, மல்லாங்கிணறு, திருச்சுழி, எங்க கல்யாணம்னாலும் லைட்டுக்கு ஆளு கேப்பாக. சும்மாடு வச்சு, அதுக்கு மேல லைட்டு. மூணு கிலோவுக்கு மேல இருக்கும். அப்பப்ப எறக்கிக் காத்து அடிக்கணும், இல்லாட்டி மங்கிரும். சூடு மண்டையில எறங்கும். மழை பேஞ்ச மறுநாளு கல்யாணம்னா செத்தோம். ஈசல் கெளம்பிரும். கண்ணு, மூக்கு, வாயி எல்லாம் ஈசல். ரெண்டு கையும் லைட்டுல இருக்கு, தொடைக்கக் கையேது? துப்பிக்கிட்டே நடக்கணும். மாப்ள மேல பட்டுறக் கூடாது. மாப்ள மொகத்த ஒருநாளும் பாத்ததில்ல. நாங்க முன்னால போறோம்ல. திரும்புனா லைட்டு ஆடும், திட்டு விழுகும்."

இதை நான் வாக்குமூலமாக மட்டும் இங்கே வைக்கவில்லை, அழகியலாகவும் வைக்கிறேன். அந்தக் காட்சி முழுவதையும் உண்டாக்கியவர் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஈசலும் முன்னால் போகிறவன் குதிகாலும்தான். 'விளக்கடியில் இருட்டு' என்கிற பழமொழியைத் தத்துவமாக விளக்குகிறார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு மனிதர் நின்ற இடம்.

1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் பெட்ரோமாக்ஸ் நகைச்சுவையைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. கடைக்காரராகக் கவுண்டமணி, மேன்டிலை உடைக்கும் செந்தில். நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான். உடைந்த மேன்டில் பற்றியது அந்தச் சிரிப்பு. வாடகைக்குப் போன லைட்டைத் தலையில் வைக்கப்போகிற ஆள் அந்தச் சிரிப்பில்கூட இடம்பெறவில்லை.

எனக்கு நினைவு தெரிந்தபோது டியூப்லைட் சட்டங்கள் வந்துவிட்டன. பின்னால் ஜெனரேட்டர் வண்டி, அதிலிருந்து ஒயர், ஒயரில் கோத்த மாதிரி ஆட்கள். ஒருவர் ஒன்றுக்குப் போக ஒதுங்கினாலும் வரிசை முழுக்க நிற்கவேண்டும். பள்ளிக்கூட லீவில் நானும் இரண்டு தடவை பிடித்திருக்கிறேன். இன்று எல்.இ.டி. பலகைகளை வண்டியிலேயே கட்டிவிடுகிறார்கள், எங்கள் பக்கம் தலைச்சுமை குறைந்திருக்கிறது. வடநாட்டுக் கல்யாண ஊர்வலங்களில் சரவிளக்குகளைப் பெண்கள் தலையில் சுமந்து நடப்பதை நானே பார்த்தேன். ஒயரில் கோத்த அதே வரிசை.

அய்யா பிடித்த லைட்டு எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. ஊர்வலம் மந்தையோடு திரும்பிவிடும். லைட்டை ஒப்படைத்துவிட்டு அய்யா இருட்டில் நடந்து வருவார். அவ்வளவு நேரம் வெளிச்சத்துக்கு அடியில் நின்ற கண்ணுக்கு இருட்டு பழகவே நேரமாகும் என்பார்.

*

இதுவரை எழுதியது நமக்கு வசதியானது. இனிமேல் கொஞ்சம் கஷ்டம்.

எங்கள் தெருக் காளியம்மன் பொங்கலில் பந்தம் பிடித்தது யார் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "வண்ணாக்குடி ஆளுதான். பந்தத்துக்குச் சுத்துற துணியும் அவகதான் கொண்டாரணும்" என்றது. பேர் என்ன என்றேன். அப்பத்தா ரொம்ப நேரம் யோசித்தது. "பேரா... ஏய்னு கூப்பிடுவோம், வந்துருவாரு" என்றது.

மாப்பிள்ளை முகத்தை அய்யா பார்த்ததில்லை. நாங்கள் எங்கள் பந்தக்காரர் பேரையே கேட்டதில்லை. தலித் மக்களுக்குத் துணி வெளுத்து, பிறப்புக்கும் சாவுக்கும் ஊழியம் செய்த புதிரை வண்ணாரின் வாழ்க்கையை இமையம் 1994-இல் 'கோவேறு கழுதைகள்' நாவலாக எழுதியபோது நம் பக்கத்திலிருந்தே எதிர்ப்பு வந்தது. தலித்துக்குள் இருக்கிற மேல் கீழைக் காட்டி எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பதா என்றார்கள். அந்த விவாதத்தை நான் பின்னால்தான் படித்தேன். எதிர்த்தவர்களின் பயம் புரிகிறது. நம்மைப் பற்றி ஒரு குறை கிடைத்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஆட ஆள் இருக்கிறது. ஆனாலும் என் முடிவு வேறு. நம் தெருவில் பந்தம் பிடித்தவர் பேரைக் கேட்காத நமக்கு, ஊர்த்தெருவில் நம் பேரைக் கேட்கவில்லை என்று எழுத அருகதை பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியைச் சம்பாதிக்க வேண்டும். அந்த நாவல் அதற்கு ஒரு வழி காட்டியது என்றே நினைக்கிறேன்.

*

பிடித்தவரின் பக்கத்திலிருந்து வெளிச்சத்தைப் படித்த முன்னோடி நமக்கு இல்லாமல் இல்லை. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் வேறு கதை சொன்னார். நரகாசுரனும் இல்லை, அடிமுடி தேடிய கதையும் இல்லை. எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டறிந்த நாள் தீபாவளி. ஆமணக்கிலிருந்து எண்ணெய் கண்டு, அதை மலையுச்சியில் எரித்துப் பார்த்த நாள் கார்த்திகை தீபம். கண்டறிந்தவர்கள் பௌத்த சங்கத்தார். இதுதான் அவர் வாசிப்பு.

இதை வரலாறாக நிரூபிக்க முடியுமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் பார்ப்பது அவர் விரல் எங்கே நீள்கிறது என்று. எல்லாரும் சுடரைப் பார்த்துக் கும்பிட்டபோது அவர் அடியில் இருந்த எண்ணெயைக் காட்டினார். தெய்வம் வந்து இறங்கிய இடத்தில் மனித அறிவையும் உழைப்பையும் வைத்தார். அவரது எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் வெளியிட்டது. அதைப் படித்தபோது எனக்கு அப்பத்தா நினைவுதான் வந்தது. எங்கள் மானாவாரிக் காட்டு ஓரத்தில் ஆமணக்கு நிற்கும். அப்பத்தா முத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கிற எண்ணெயை அகப்பையால் வழித்து எடுக்கும். அரை நாள் வேலை. அந்த எண்ணெயின் பெயரைத்தான் வசவாக வைத்திருக்கிறோம்.

திருவண்ணாமலையிலும் இதே கதைதான். எங்கள் திருச்சுழியில் 1879-இல் பிறந்து, 1896-இல் அந்த மலைக்குப் போன ரமணரைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள். அந்த மலையின் உச்சிக்குக் கொப்பரை கொண்டுபோய், நெய் சேர்த்து, தீபம் ஏற்றுகிறவர்கள் பர்வதராஜ குலத்தார், மீன்பிடித் தொழில் செய்த மக்கள். மலை ஏறுகிறவரின் மூச்சு வாங்கலைச் சொல்லும் ஒரு புத்தகத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

*

'வேடிக்கை' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். வானத்தில் விடுவது வாணவேடிக்கை. தெருவில் ஒருவனை அடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் வேடிக்கை. 2012-ஆம் வருசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி எங்கள் விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறக்குறைய நாற்பது பேர் செத்தார்கள். தொழிலாளிகள் மட்டுமில்லை, முதல் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டார மக்களும் அதில் உண்டு. நவம்பர் 7-ஆம் தேதி தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். நவம்பர் 13-ஆம் தேதி தீபாவளி. நாடு முழுக்க வானம் பச்சையும் சிவப்புமாக வெடித்தது. பச்சைக்கு பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், வெள்ளைக்கு அலுமினியம் என்று மருந்து கலந்த விரல்கள் எங்கள் மாவட்டத்து விரல்கள். எழுபது நாளுக்குள் மூன்று வெளிச்சம். அந்த வருசத் தீபாவளி மலர்களில் எந்த வெளிச்சம் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சேரி எரிகிற வெளிச்சத்தை இலக்கியம் எழுதாமல் இல்லை. எப்படி எழுதியது என்பதுதான் கேள்வி. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975-இல் வந்தது, 1977-இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கியது. அந்த நாவலில் வெளிச்சம் யார் மேல் விழுகிறது? கொளுத்திய பண்ணையாரின் மேல். அவரது ஆண்மைக் குறை, அவரது மனக் கோணல். கூலி கேட்டதற்காகக் கொளுத்தப்பட்டவர்கள் நெருப்பின் பின்னணியாகிவிடுகிறார்கள். ஊர்வலத்தில் மாப்பிள்ளை மேல் விழுந்த அதே பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்தான் இது. இங்கே எரிபொருளே நாம்.

*

அப்படியானால் வெளிச்சத்தைப் பார்த்து நாம் சந்தோசப்படவே கூடாதா என்று ஒரு தம்பி கேட்டார், கல்லூரி மாணவர். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மினுங்கிய படத்தைப் போனில் காட்டினார். நாக்டிலூகா என்ற மிகச் சிறிய உயிரி, கலங்கும்போது ஒளிர்வது. ஆனைமலைக் காட்டில் லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு எரிவதையும் சொன்னார். இதற்கெல்லாம் சுமக்கிற தலை தேவையில்லையே அண்ணே என்றார்.

நியாயமான கேள்வி. எனக்கும் மின்மினி பிடிக்கும், சுடாத வெளிச்சம் அது. ஆனால் இயற்கையின் வெளிச்சத்தைப் பார்ப்பதிலும் இரண்டு விதம் இருக்கிறது. கடலின் அந்த மினுக்கத்தைச் சிலர் படம் எடுத்தார்கள். கட்டுமரத்துக்காரருக்கோ ராத்திரியில் மீன் கூட்டம் போகிற தடம் அதில் தெரியும். எங்கள் கரிசக்காட்டிலும் அப்படித்தான். ஐப்பசியில் ராத்திரி வாசலில் படுத்திருக்கும்போது, "ஈசானி மூலையில மின்னுது, வெறகத் தூக்கி உள்ள வையி" என்று அம்மா எழுப்பும். அம்மாவுக்கு அந்த மின்னல் அழகாகத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரியும். விதைப்பும் விறகும் ஒழுகுகிற கூரையும் சேர்ந்த அழகு அது. கண்மாய்க் கரையில் சேற்று வாயு எரிந்து தெரிவதைக் 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்று சொல்லி எங்களை விரட்டினார்கள். ராத்திரித் தண்ணி பாய்ச்ச அந்தக் கரை வழியாகவே நடந்த அய்யா மட்டும் அதைப் பார்த்து ஓடியதில்லை. இப்படி, உழைப்பின் பக்கத்திலிருந்து பார்க்கிற கண்ணும் சந்தோசப்படும். அந்தச் சந்தோசத்தை எழுதத்தான் நம்மிடம் ஆள் குறைவு. 'இருளிலிருந்து ஒளிக்கு' என்று நம் கவிஞர்கள் இன்னும் எத்தனை நாளைக்கு எழுதுவார்கள்? அது கோபுரத்திலிருந்து இரவல் வாங்கிய உவமை. ஒளியின் பக்கம் அவர்கள், இருட்டின் பக்கம் நாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒளியைச் சுமந்ததே நாம் என்பது அதில் விழுவதே இல்லை.

கடைசியாக ஒரு வெளிச்சம். காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் ராத்திரி பஸ்ஸில் வந்தால் காட்டுக்குள் அங்கங்கே புகை தெரியும். கரிமூட்டம். சீமைக்கருவேலை வெட்டி, கட்டையையும் தூரையும் அடுக்கி, தழை போட்டு மூடி, மேலே ஈரமண் பூசி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் வேகவிடுவது. இதில் வித்தையே தீயை வெளியே காட்டாமல் இருப்பதுதான். மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் கட்டை சாம்பலாகிவிடும். கூலி போகும், முன்பணக் கடன் நிற்கும். அதனால் ராத்திரியெல்லாம் காவல். என் அம்மா அந்தக் காவலில் எத்தனையோ ராத்திரி உட்கார்ந்தது. இருட்டில் ஒரு மூலையில் சிவப்பாக வாய் திறக்கும். தூரத்துப் பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கு அது அழகாகத் தெரியும், எனக்கே தெரிந்திருக்கிறது. அம்மா கத்தும்: "வாய் பொளந்திருச்சு, மண்ண அள்ளிப் போடு!"

இலக்கியம் படிக்கும் மாணவர்களையும் எழுதும் தோழர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது தேரைப் பார்ப்பதற்கு முன்னால் லைட்டு வண்டிப் பக்கம் போங்கள். ஒயரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். முதலில் அவரிடம் பேர் கேளுங்கள். நம் தெருத் திருவிழாவிலும் கேளுங்கள்.

என் அப்பத்தாவுக்கு அந்தப் பேர் கடைசிவரை நினைவுக்கு வரவில்லை.